ஒரு புனிதருக்கு இரண்டு ரொட்டி

விதா என்கிற விதோசவா கட்டாய விடுப்பில் வீட்டில் உட்கார்ந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. உட்கார்ந்து என்பது பேச்சுக்குத்தான். அந்தப் பதினொரு நாளில் அவள் கோழிக்கூண்டுக்கு வெள்ளையடித்தாள், ஒரு பீப்பாய் முட்டைக்கோஸ் உப்பில் போட்டாள், ஜன்னல் திரைகளை இரண்டு முறை துவைத்தாள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்தே இடுப்பு வலி வந்துவிட்டது.

விடுப்புக்குக் காரணம் தெருவுக்கே தெரியும். ஒரே பீச் மரச் சட்டம் முதுகாகவும் இரண்டு கைப்பிடிகளாகவும் வளைந்து வரும் நாற்காலி ஒன்று வெளிநாட்டுக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் ஒஸ்தோயா. நாற்காலி ஆலை முதலாளி, விதாவின் கணவனுக்கு அண்ணன். "என் கனவில் வந்த நாற்காலி" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

கனவில் சட்டம் உடையாது. ஆலையின் வளைப்புக்கூடத்தில் உடையும். நூற்றுக்கும் மேல் உடைந்த பிறகு, மரத்தை மூன்று நாள் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெளிப்புறம் இரும்புப் பட்டை கட்டி, நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த நாற்பது வினாடிக்குள் வளைத்தால் நிற்கும் என்று கண்டுபிடித்தவள் அங்கே வேலை பார்க்கும் விதா.

அவள் கேட்டது இரண்டே. நாற்காலிக்கு அடியில் ஒட்டும் சீட்டில் வளைத்தவர்களின் பெயர். வளைப்புக்கூடத்தின் எட்டுப் பெண்களுக்கும் ரம்பக்கூடத்து ஆண்களுக்குச் சமமாகச் சம்பளம். ஒஸ்தோயா அவள் கேட்காத மூன்றாவதைக் கொடுத்தார். விடுப்பு.

இன்று சனிக்கிழமை, புனித டிமிட்ரி நாள். அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குலப்புனிதரின் திருநாள். அந்தக் காலத்தில் பண்ணையாட்கள் பழைய எஜமானோடு கணக்குத் தீர்த்துப் புதுப் பேச்சுப் பேசிய நாளும் இதுதான். அதை யாராவது விதாவுக்கு ஞாபகப்படுத்தினார்களா, அவளுக்கே தோன்றியதா என்பதில் தெருவில் இரண்டு கட்சி இருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் கணவன் மிலென்கோ அடுக்களைக்கு வந்தான்.

"இது என்ன?"

"ரொட்டி."

"ரொட்டின்னு தெரியுது. மேல சிலுவையும் திராட்சைக் கொத்தும் போட்டிருக்கியே."

"ஸ்லாவா ரொட்டி மேல வேற என்ன போடுவாங்க, டிராக்டரா?"

மிலென்கோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அண்ணன் தம்பி ஒன்றாக இருக்கும்வரை ஸ்லாவாவுக்கு ஒரே மெழுகுவர்த்தி, ஒரே ரொட்டி, அதுவும் மூத்தவர் வீட்டில். தம்பி தன் வீட்டில் தனி மெழுகுவர்த்தி ஏற்றினால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். வக்கீல் தேவையில்லை, பத்திரம் தேவையில்லை.

"நான் அண்ணன் லாரிய ஓட்டுறேன், விதா."

"ஓட்டு. யாரு வேணாம்னா? ரொட்டி லாரியில வரலையே."

"யாரு வருவாங்க? யாரைக் கூப்பிட்டிருக்க?"

"ஸ்லாவாவுக்கு என்னைக்குடா கூப்பிட்டிருக்கு? மெழுகுவர்த்தி எரியற வீட்டுக்கு வர்றவங்க வருவாங்க."

'டா' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று மிலென்கோவுக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். எழுந்து போய்ச் சவரம் பண்ணிக்கொண்டான்.

வருகிறவர்கள் யார் என்பதுதான் விதாவுக்கும் கேள்வி. அவள் போனதிலிருந்து வளைப்புக்கூடத்தில் மற்ற ஏழு பேர் அரைமனதோடு வளைக்கிறார்கள். நாற்காலி வாங்க வந்திருக்கும் ஆஸ்திரியாக்காரரின் முந்நூறு நாற்காலி ஆர்டர் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அந்த ஏழு பேரும் இன்று ஒஸ்தோயா ஸ்லாவா விருந்து வைக்கும் ஆலை ஹாலுக்குப் போனால் விதாவின் கதை தீர்ந்தது; வேலையும் போகும், உறவும் போகும். இங்கே வந்தால் திங்கட்கிழமை பேச்சு வேறு. ஓட்டுப்பெட்டி எதுவும் வைக்காமலே ஊர் ஓட்டுப் போடப் போகிறது.

எட்டு மணிக்கு ஒஸ்தோயாவின் மனைவி, ஓரகத்தி கோர்தானா காரில் வந்து இறங்கினாள். தலைமுடி அழகு நிலையத்தில் செய்தது, காற்றுக்கும் அசையவில்லை.

"பெரிய சூப் பானை உங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு அக்கா. அதுல சூப் கொதிக்குது."

கோர்தானா பானையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து மூடினாள்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"விடுப்புல இருக்கேன். நேரம் இருக்கு."

"இதைக் கொடுக்கத்தான் வந்தேன்," என்று கோர்தானா ஒரு உறையை நீட்டினாள். உள்ளே தடித்த கார்டு. தங்க எழுத்தில் 'திரு. மிலென்கோ குடும்பத்தினர்', மேசை எண் பதினொன்று.

விதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸ்லாவாவுக்குக் கார்டா?"

"ஹால்ல நூத்திருபது நாற்காலிதான் போட முடியுது."

"நாற்காலி ஆலையில நாற்காலி பத்தலையா, அக்கா?"

கோர்தானாவுக்குக் கழுத்து சிவந்தது. "மேயர் வர்றாரு. பேங்க் மேனேஜர் வர்றாரு. ஆஸ்திரியாக்காரரு வர்றாரு. ஒரு ஒழுங்கு வேணாமா?"

"வளைப்புக்கூடத்துக்கு எத்தனை கார்டு?"

"அவங்களுக்குத் திங்கட்கிழமை டப்பாவுல போட்டுக் கொடுத்துடலாம்னு இருக்கோம். பன்றி இறைச்சி, கேக்கு, எல்லாம்தான்."

விதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. அழைக்க ஆரம்பித்தால் அழைக்காதவர்களை வராதே என்று சொன்னதாகிவிடும். இதை இந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளையும் அறியும். கார்டு அடித்தவர்களுக்கு மட்டும் அச்சாபீஸில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நீ இப்படிப் பார்க்காத," என்றாள் கோர்தானா. குரல் இறங்கியது. "முதல் ரம்பம் வாங்க எங்கப்பா கொடுத்த நிலத்தை வித்தேன். இவரு வேன்லயே தூங்கி ஆறு நாட்டுக்கு நாற்காலி கொண்டு போனாரு. அந்த ஜெர்மன்காரன் திவாலானப்ப உங்க சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போச்சா? வீட்டைப் பேங்க்ல வெச்சோம். ஆர்டர் இல்லாம நீ எதை வளைப்ப, சொல்லு. இதையெல்லாம் யாரு நாற்காலிக்கு அடியில ஒட்டறா?"

"நான் இல்லைன்னு சொல்லலையே, அக்கா. அதையும் ஒட்டுங்க. அடியில இடம் நிறைய இருக்கு."

கோர்தானா பானை இல்லாமல் போனாள். கார் கதவு சாத்திய சத்தம் பாலம்வரை கேட்டது.

தேவாலயத்தில் அன்று டிமிட்ரி குடும்பங்கள் பத்துப் பதினைந்து. நீள மேசையில் வரிசையாக ரொட்டிகள். ஒஸ்தோயாவின் ரொட்டி வண்டிச் சக்கரம் அளவு. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், அதில் ஒருவன் மிலென்கோ. காலையில் "சும்மா ஒரு எட்டு அண்ணனைப் பாத்துட்டு வரேன்" என்று போனவன்.

விதா தன் ரொட்டியைத் தானே கொண்டுவந்து அதற்கு அடுத்த இடத்தில் வைத்தாள். ஒரே குடும்பப் பெயர், ஒரே புனிதர், இரண்டு ரொட்டி. பின்வரிசையில் இருமல் ஒன்று கிளம்பி அப்படியே பரவியது.

ஒஸ்தோயா திரும்பாமலே பேசினார். "இது எந்த வீட்டு ரொட்டி?"

"எங்க வீட்டுது, மச்சான்."

"உங்க வீடுன்னு தனியா எப்பலேருந்து?"

"நீங்க கார்டு அடிச்சதுலேருந்து. அதுல போட்டிருக்கு, மிலென்கோ குடும்பத்தினர்னு."

ஒஸ்தோயா தம்பியை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். மிலென்கோ சக்கர ரொட்டியின் விளிம்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விதாவுக்கு அந்தக் கை தெரியும். குளிரில் அதற்குக் களிம்பு தடவி விடுகிறவள் அவள்தான். அவள் மறுபக்கம் பார்த்தாள்.

பாதிரியார் ஸ்ரேதன் வரிசையாக வந்தார். ரொட்டியைக் கீழ்ப்புறம் சிலுவையாக வெட்டி, ஒயின் ஊற்றி, வீட்டுக்காரரோடு சேர்ந்து பிடித்துச் சுற்ற வேண்டும். விதாவிடம் வந்ததும் கத்தி நின்றது.

"வீட்டுக்காரன் எங்க?"

"பக்கத்து ரொட்டியில இருக்காரு, சாமி."

சிரிப்பை அடக்குவதற்காக நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பாதிரியாருக்குச் சங்கடம். திருச்சபைக் கூடத்தின் அறுபது நாற்காலியும் ஒஸ்தோயா கொடுத்தது. அவர் ஒஸ்தோயாவைப் பார்த்தார், பிறகு விதாவைப் பார்த்தார்.

"பிசைஞ்ச கை இருக்கு, சாமி. அது பத்தாதா?"

"எனக்கும் ஒரு கார்டு வந்திருக்கு," என்றார் பாதிரியார் மெதுவாக, யாரிடம் என்று தெரியாமல். "மேசை எண் ஒம்பது. வாசல்ல காட்டணுமாம்." பெருமூச்சு விட்டார். "பிடி."

விதா பிடித்தாள். ரொட்டி மூன்று முறை சுற்றியது.

பகல் ஒரு மணிக்கு அவள் வீட்டு மேசையில் இருபது பேருக்குத் தட்டு. நடுவில் மெழுகுவர்த்தி, வருகிறவர்கள் புனிதர் பெயரில் முதலில் ஒரு கரண்டி எடுக்க வால்நட் போட்டு வேகவைத்த கோதுமை, சிவப்பு ஒயின். சட்டியில் சர்மா, போன வருஷத்துப் புளிச்ச முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி அவள் விடியற்காலையிலேயே அடுக்கியது. மெழுகுவர்த்தியையும் அவளே ஏற்றினாள். ஆண்பிள்ளை ஏற்ற வேண்டியது என்று தீப்பெட்டிக்குத் தெரியவில்லை. முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

ஒன்றரை ஆயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலை ஹாலில் பித்தளை வாத்தியம் முழங்கியது. இந்தப் பக்கம் திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன.

ஒன்றே முக்கால். விதா சர்மாவை மறுபடி சூடு பண்ணினாள். தட்டு ஒன்றை நகர்த்தினாள், திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள். ஏழு பேரும் பித்தளை வாத்தியம் கேட்டபடி வறுத்த பன்றி தின்றுகொண்டிருக்கும் காட்சி கண்ணில் வந்தது. தின்னட்டும். ஏற்றிய மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை கதவு திறந்திருக்கும். அவள் நாற்காலியைத் தொடவில்லை. ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. வருகிறவர்கள் உட்கார, அவர் நின்று பரிமாற வேண்டும். வராதவர்களுக்காகவும் நிற்கலாம், அதற்குத் தடையில்லை.

இரண்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். முன்னால் ரூஷா, வளைப்புக்கூடத்தில் பெரிய வாய்க்காரி. பின்னால் ஆறு பேர். விசேஷ உடுப்பு, உதட்டில் சாயம், கையில் ஆளுக்கொரு ஒயின் பாட்டில்.

"ஸ்லாவா வாழ்த்து," என்றாள் ரூஷா. "விதா, உண்மையச் சொல்லிடறேன். நாங்க முதல்ல அங்கதான் போனோம்."

விதா கோதுமைக் கிண்ணத்தை எடுத்தாள். "போனா என்ன?"

"இருபது வருஷமாப் போன கால், தானாப் போயிடுச்சு. வாசல்ல கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தன் பட்டியல் வெச்சிட்டு நிக்கறான். பேர் கேட்டான், சொன்னேன். இல்லைன்னான். நான் வளைச்ச நாற்காலி அவனுக்குப் பின்னால தெரியுது. அதுல பேங்க் மேனேஜர் பொண்டாட்டி உக்காந்திருக்கா. நாற்காலி உள்ள, நான் வெளிய. கொண்டுபோன பாட்டிலை அவன் தலையில உடைச்சிருப்பேன். நல்ல ஒயின், அதான்."

"உள்ள வாங்க. கோதுமை எடுத்துக்கங்க."

"கோவமில்லையே?"

"வந்தவங்களைக் கணக்கெடுக்கறது அங்க. இங்க சாப்பாடு."

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ரம்பக்கூடத்து ஆண்கள் இருவர் வந்தார்கள். கார்டு சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்தது. "வாசல்ல உங்க ஏழு பேரையும் திருப்பி அனுப்பறதப் பாத்தோம்," என்றான் ஒருவன். "அப்புறம் என்னத்தப் போய் உக்காரறது?"

"அங்க ரக்கியா சாராயம் நல்லாயிருந்திருக்குமே," என்றாள் ரூஷா.

"வாயைக் கிளறாதக்கா. வாங்கின கார்டுக்கே வெக்கமா இருக்கு."

மூன்றரை மணிக்கு ஒஸ்தோயாவின் கறுப்புக் கார் தெருவுக்குள் நுழைந்தது. திரைச்சீலைகள் இப்போது அசையவில்லை, நேராகத் திறந்தேவிட்டன. ஸ்லாவா அன்று தன் மெழுகுவர்த்தியை எரியவிட்டு, விருந்தாளிகளை விட்டு வீட்டுக்காரர் வெளியே வருவதை யாரும் கண்டதில்லை. ஓட்டி வந்தவன் மிலென்கோ.

ஒஸ்தோயா வாசலில் தொப்பியைக் கழற்றினார். "வாழ்த்து," என்றார்.

"வாங்க, மச்சான். இங்க கார்டு தேவையில்ல."

விதா கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் சிலுவை போட்டு ஒரு கரண்டி எடுத்தார். எடுக்காமல் இருக்க முடியாது. அவருடைய புனிதரும் அதே டிமிட்ரிதானே. காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

"ஆஸ்திரியாக்காரரு உன்னைப் பாக்கணும்கறாரு," என்றார். "மரத்தை வளைச்ச கையப் பாக்காம ஆர்டர்ல கையெழுத்துப் போட மாட்டாராம். மேசைக்கு மேசை தேடுறாரு. என்னத்தைச் சொல்றது நான்?"

"டப்பாவுல போட்டுத் திங்கட்கிழமை தர்றோம்னு சொல்லுங்க," என்றாள் விதாவிடம் டப்பா கதை கேட்டிருந்த ரூஷா, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஒஸ்தோயா அவளைப் பார்க்கவில்லை. "விதா, சீட்டுல உன் பேரைப் போடறேன். ரம்பக்கூடத்துச் சம்பளம். இன்னைக்கே, இந்த மேசையிலயே சத்தியம். நீ கிளம்பு."

"எனக்கா, எட்டுப் பேருக்குமா?"

"கண்டுபிடிச்சது நீ. மத்தவங்க சொன்னதைச் செஞ்சாங்க."

"நாற்பது வினாடியில எட்டடிச் சட்டத்தை ஒருத்தியா வளைக்க முடியுமா? ரெண்டு பேர் இழுக்கணும், ரெண்டு பேர் பட்டையப் பிடிக்கணும், ஒருத்தி இறுக்கணும். உடைஞ்சா எல்லாருக்கும்தான் கை வேகுது. நீங்களும் தனியாத்தான் ஆலை கட்டினீங்களா? அக்கா நிலத்தை வித்தாங்க. இவரு லாரி ஓட்டினாரு. பதக்கத்துல மட்டும் எப்படி ஒரே கழுத்து?"

"என் இடத்துல ஒரு நாள் உக்காந்து பாரு, தெரியும். பேங்க்காரன் போன் பண்றப்ப எட்டுப் பேரும் எடுப்பீங்களா?"

"எடுப்போம். நம்பர் குடுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒஸ்தோயாவின் காதுமடல் சிவந்தது. குரல் உயரவில்லை, அதுதான் அவர் கோபம்.

"அப்ப கேட்டுக்க. திங்கட்கிழமை உனக்கு வேலை இல்ல. தம்பிக்கு லாரியும் இல்ல."

எல்லார் பார்வையும் வாசற்படிக்குப் போனது. மிலென்கோ அங்கேயே நின்றிருந்தான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கார் சாவி கையில்.

ரூஷா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு மிலென்கோ. நீ இங்க விருந்தாளியா?"

மிலென்கோ நாற்காலியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். விதா அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வருவதென்றால் வரவே வேண்டாம் என்று நினைத்தாள்.

அவன் உள்ளே வந்தான். சாவியை அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மேசையிலிருந்த ஒயின் பாட்டிலை எடுத்தான்.

"வீட்டுக்காரன் எப்படி உக்காருவான்," என்றான். அண்ணனின் கிளாஸை விளிம்புவரை நிரப்பினான். "ஸ்லாவாவுக்கு, அண்ணா."

ஒஸ்தோயா கிளாஸை எடுத்தார். குடித்தார், ஒரே மூச்சில். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்துக்கொண்டார். வாசலில் ஒருமுறை திரும்பினார். விதாவிடம் இல்லை, மேசையிடம்.

"திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு நீராவிப் பெட்டிய யாரு சூடேத்தறது?"

மேசையில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அந்தப் பெட்டியைச் சூடேற்றத் தெரிந்தவர்கள் ஊரிலேயே எட்டுப் பேர்தான். எட்டாமவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டுப் பேரையும் சேர்க்காத பேச்சுக்கு ஒருத்தியும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒஸ்தோயா பதிலுக்காக அங்கேயே நின்றார். ஆற்றுக் காற்று அடுக்களைவரை வந்தது. குளிர்ந்தும் யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.